தெற்குப் பக்கம் திரும்பிய நாலு விசிறி

என் மகன் அதைச் செய்தபோது அதற்கு என்ன பேர் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ட்ரோன் என்கிற சொல்லெல்லாம் பிறகு வந்தது. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் எங்கள் நிலமும் வீடும். மகன் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார். அந்தப் பக்கத்தில் முதன்முதலில் பறக்கிற மிஷினைக் கையால் செய்தது எங்கள் வீட்டுப் பிள்ளைதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பெருக்கல் குறி மாதிரி வைத்த அலுமினியக் குழாய்கள். நாலு நுனியிலும் நெல்லிக்காய் அளவு மோட்டார், மோட்டார் தலையில் ஒரு விசிறி, குழாயின் அடியில் ஒரு கால். முன்பக்கம் எது என்று தெரிவதற்காக ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தான்.

அப்போது என் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் செருப்பை மாட்டும்போதே தாழ்ந்த குரலில் நாள் குறித்தார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, வடக்கே, நெல் அடிக்கிற களம். களத்தைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

மிஷின் முடிந்த அன்று பூஜை போட்டோம். சந்தனம், குங்குமம், சூடம். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்குவது வழக்கம். இதற்குச் சக்கரம் இல்லை, கால்தானே. நாலு காலுக்கும் நாலு பழம் வைக்கச் சொன்னேன். பிறகு களத்தில் கிழக்குப் பார்த்து வைத்துக் கிளப்பினான்.

தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரி சத்தம். ஆள் உயரம் எழும்பி அந்தரத்தில் நின்றது. கை தட்டலாம் என்று நினைத்தேன். அதற்குள் அது மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் ஒரு மனுஷன் திரும்புவானே, அவ்வளவு நிதானமாக. திரும்பித் திரும்பி, சிவப்பு விளக்கு எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றபோது மகன் இறக்கிவிட்டான்.

“இன்னாடா, தெக்கப் பாத்து நிக்குது?”

“காத்தும்மா.”

“காத்தா? வேப்பமரத்துல ஒரு எல ஆடல.”

“இரும்மா. மோட்டாரு சுடுது, அதான் எறக்குனேன்.”

மறுநாள் காலேஜ் விட்டு வந்து மறுபடி ஏற்றினான். கிழக்குப் பார்த்துத்தான் வைத்தான். அது மறுபடி திரும்பிற்று, மறுபடி ஜன்னலுக்கு நேராக வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தெற்கு யாருடைய திசை என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குள்ளே யார் படுத்திருக்கிறார் என்றும் சொல்ல வேண்டியதில்லை. அது இவரைத்தான் கேட்டு வருகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் ஜன்னல் கதவைச் சாத்தினேன். இவர் இடது கையால் கட்டில் சட்டத்தை டொக் டொக்கென்று தட்டி, திறக்கச் சொன்னார். திறந்தேன். வெளியே அது அப்போதுதான் திரும்பி முடித்திருந்தது.

மகனிடம் போனேன். “எடுத்துக்கினு போயி உங்க காலேஜில வச்சிக்கோ. இல்லன்னா நானே ஏரியில போட்டுருவேன்.”

“யம்மா, ஒரு நாளு குடு. எங்கயோ தப்பு கீது.”

உள்ளே இருக்கிற பச்சை அட்டையை மாற்றினான். ஒயரை மாற்றினான். விசிறியைக் கழற்றி மாட்டினான். எதற்கும் அது கேட்கவில்லை. என் மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இவுராண்ட படிக்கிற பசங்க இன்னா ஆவப் போறாங்களோ, பாவம்” என்று என் காதுபட முனகிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் இறக்கியவுடன் நாலு மோட்டாரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தான், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி.

“யம்மா, இங்க தொட்டுப் பாரு. எதிரும் புதிருமா கீற இந்த ரெண்டும் கொதிக்குது. மத்த ரெண்டும் சும்மா கீது.”

தொட்டேன். விரலை இழுத்துக்கொண்டேன். மற்ற இரண்டும் அதில் பாதிகூடச் சுடவில்லை.

அவன் தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விசிறிகளைப் பக்கவாட்டில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். “விசிறிங்க சாஞ்சி கீது” என்றான். “கொழாய் முறுக்கிக்கினு கீது. எப்புடி?”

மருமகள் வாசற்படியில் நின்று சிரித்தாள். “எலுமிச்சம்பயத்து மேல ஏறி உக்காராத கொறையா அழுத்துனீங்களே. பயம் வழுக்கி, காலு ஒருபக்கமா போச்சே. மறந்துட்டீங்களா?”

அதுதான் விஷயம். மிஷின் எடை ஒரு கோழிகூட இருக்காது, பழம் எப்படி நசுங்கும்? அதனால் கையால் அமுக்கியிருக்கிறான். கால் போன பக்கம் குழாய் முறுக்கிக்கொண்டது, விசிறி சாய்ந்துவிட்டது. சாய்ந்த விசிறி மிஷினைத் திருப்பப் பார்க்கும். திரும்பாமல் பிடித்து வைக்க எதிரும் புதிருமான ஒரு ஜோடி மோட்டார் கூடுதலாக ஓடும்; அப்படியும் முழுசாகப் பிடிக்க முடியாமல் மெல்லத் திரும்பிவிடும். அதுதான் அந்தச் சூடு. கொஞ்ச நேரம் பறந்தால் சூடு தாங்காது, தினம் ஏறக்குறைய அதே அளவு நேரம் பறந்ததும் இறக்கிவிடுவான். அதனால்தான் தினம் ஒரே பக்கம் பார்த்து நின்றதாம். எல்லாவற்றையும் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னான். நான் வைக்கச் சொன்னது பழம். அழுத்தச் சொல்லவில்லை.

திருகாணியைத் தளர்த்தி, குழாயை நேராக்கி, முடுக்கினான். வைத்த இடத்திலிருந்து எழும்பி, கிழக்கே பார்த்தபடி அசையாமல் நின்றது. இறக்கிய பிறகு நானே தொட்டுப் பார்த்தேன். நாலும் ஒரே சூடு. மார்பில் இருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியிருந்ததால் பேச்சு குழறும். எனக்கு மட்டும் முழுசாகப் புரியும்.

“இன்னிக்கு ஏன்மே அது திரும்பல?”

“ரிப்பேர் பண்ணிட்டான். இனிமே திரும்பாது.”

“நல்லாத்தான கீது, அத்த ஏன் ரிப்பேர் பண்ணான்?” கஞ்சியை வேண்டாம் என்று தள்ளினார். “தெனம் வந்து, கெளம்பலாமான்னு கேக்கும். இருப்பா, அறுப்பு முடியட்டும்னு சொல்லி அனுப்புவேன். சரின்னு எறங்கிடும். இனிமே யாராண்ட போயி சொல்லுவேன்?”

அவருக்கு ஜுரம் இல்லை. கண் தெளிவாக இருந்தது. பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்றால் கவலைப்படுகிற முகம்.

களத்துக்குப் போனேன். மகன் மிஷினைத் துடைத்து மூடி வைத்துக்கொண்டிருந்தான்.

“நாளையிலேர்ந்து அத்த தெக்கப் பாத்தே வச்சி ஏத்து. ஜன்னலுக்கு நேரா.”

“நீதானம்மா ஏரியில போடறேன்ன?”

“சொன்னதச் செய்டா.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். களத்துக்கு அப்பால் எங்கள் நெல் இன்னும் பச்சையாகத்தான் நின்றது.