வாசமில்லாத விருந்து

அந்தக் கேரட் துண்டை என்னால் இப்போதும் பார்க்க முடிகிறது. போடியில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், ஏலக்காய் வியாபாரிகள் சங்கத் தலைவர் அதை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். உருட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு, தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். அவர் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து, நகத்தால் கீறி ஈரம் பார்த்துவிட்டு, அவரும் தள்ளினார். காலையிலிருந்து நானும் அக்காவும் வெட்டி அடுக்கிய அந்தப் பெரிய தட்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றி, ஒரு துண்டுகூடக் குறையாமல் அக்காவின் கைக்கே திரும்பி வந்தது. எல்லோரும் அடுத்த தட்டு எங்கே என்பதுபோலப் பார்த்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏல மையத்தில் அவர்கள் வாழ்க்கையே அப்படித்தான். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்கு லாட்டிலிருந்தும் ஒரு தட்டில் சாம்பிள் வரும். கைமாறிக் கைமாறி வரிசை முழுக்கப் போகும். ஒரு சிட்டிகை எடுப்பார்கள், பார்ப்பார்கள், முகர்வார்கள், தள்ளிவிடுவார்கள். அங்கே தட்டில் வந்ததைத் தின்று பசியாறிய மனிதர் யாரும் கிடையாது. தட்டு என்று ஒன்று கைக்கு வந்தால் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று விரல்கள் கற்றுவைத்திருக்கின்றன. விருந்தென்று தெரிந்தும் விரல்கள் கேட்கவில்லை.

அந்த வரிசையில் பல வருடங்களாக முதல் மூக்காக இருந்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். வடக்கே உள்ள பெரிய கடைகளுக்கு இங்கிருந்து ஏலக்காய் பிடித்து அனுப்புவதுதான் அவர் தொழில். நிறமும் பருமனும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். காய் எவ்வளவு பழசு, எப்படி உலர்த்தினார்கள், எங்கே அடைத்து வைத்தார்கள் என்பதையெல்லாம் வாசம்தான் சொல்லும். மச்சான் ஒருமுறை ஒரு பிடியை முகர்ந்துவிட்டு, "இது டீசல் கேனோட ஜீப்புல ஏறி வந்த மூட்டை" என்றார். மேலே தோட்டத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் ஆமாம் என்கிறார்கள். என் மூக்கு மூக்குக்கண்ணாடி தாங்குவதற்காக மட்டும் அமைந்தது. அதனால் அவர் எதையாவது நல்ல வாசம் என்றால் நானும் நல்ல வாசம் என்பேன். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டில் நான் பேசிய சமையல் விமர்சனமெல்லாம் அப்படிக் கடன் வாங்கியவைதான்.

கொரோனா வந்து போனபோது அவரிடமிருந்து வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்துவிடும் என்றார் டாக்டர். மாதங்கள் போயின, வரவில்லை. மச்சான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவுக்கே ஒரு எலியால்தான் தெரிந்தது. அது அவர் படுக்கும் அறையின் பீரோவுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அலைய, இவர் அதே அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். "சொன்னா தொழில் போயிரும்ங்கிறாருடா. மூக்கு செத்தவன நம்பி எவன் சரக்கு வாங்கச் சொல்லுவாம்ங்கிறாரு. இனிமே இந்த வீட்ல வாசம்ங்கிற பேச்சையே எடுக்கக் கூடாதாம்." அன்றிலிருந்து அந்த வீட்டில் ரசம் கொதிக்கும்போதுகூட யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மதுரையிலிருந்து போகும் நானும் மரியாதையாக வாயை மூடிக்கொள்வேன். எனக்குச் சிரமமாக இல்லை. எப்படியும் ஒன்றும் தெரியாது.

ஏல மையத்தில் சமாளிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். எனக்கு மட்டும் சொன்னார். பழைய மாதிரியே பிடியை எடுத்து, பழைய மாதிரியே கண்ணை மூடி முகர்வது. பிறகு தட்டு தலைவரிடம் போகும்போது அவர் முகத்தைப் பார்ப்பது. "தலைவர் புருவம் ஏறுச்சுன்னா நல்ல சரக்கு, மாப்ளே. மூக்கச் சுளிச்சா விட்றவேண்டியதுதான்." சொல்லிவிட்டு, ஏதோ திருட்டை ஒப்புக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா வேறு விதமாகப் போராடினாள். மணம் போனாலும் உப்பும் புளிப்பும் இனிப்பும் நாக்கில் இருந்தன, காரம் சுட்டது, பல்லும் காதும் கண்ணும் பழுதில்லை. ஆனால் அவள் சாம்பார் அவருக்கு வெறும் சூடான புளித்தண்ணீர் ஆகிவிட்டது. காப்பி கசப்புத் தண்ணீர். தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்துபோவார். சட்டை தோளில் தொளதொளத்தது. ஒருநாள் சும்மா நறுக்கி வைத்த முள்ளங்கியை எடுத்துக் கடித்தவர், அதன் உறைப்பு ஏறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். நொறுங்கும் கேரட், சில்லென்ற வெள்ளரி, பல் கூசும் மாங்காய் என்று தினம் ஒரு தட்டு. தொட்டுக்கொள்ள, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர். அதில் ஒரு பங்கில் பீட்ரூட் சேர்த்து ரோஸ், இன்னொரு பங்கில் மல்லி, பச்சை மிளகாய் அரைத்துப் பச்சை. மச்சான் பேர் கேட்பதில்லை. "அந்த ரோஸைக் கொண்டா" என்பார். பெங்களூரில் இருந்த மகள் போனில் ஒரு படம் அனுப்பி, இதற்கு பிளாட்டர் என்று பேர், இந்தத் தயிருக்கு டிப் என்று பேர் என்றாள். தெரியாமலே நாகரிகமாகிவிட்டதில் அக்காவுக்குப் பெருமை.

அந்த மகளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமானது. சங்கத்துக்காரர்கள் விருந்து கேட்டார்கள். மச்சான் மட்டன் பிரியாணி என்று ஆரம்பித்ததும் அக்கா மறித்துவிட்டாள். அவள் கணக்கு நுட்பமானது. பிரியாணி என்றால் பட்டை, கிராம்பு, ஏலக்காய். மூடியைத் திறந்த உடனே வந்தவர்கள் வாசத்தைத்தான் பேசுவார்கள். யாராவது மச்சானைப் பார்த்து, இது எந்தத் தோட்டத்துக் காய் சொல்லு என்று சவால் விடுவார்கள். பச்சைக் காய்கறிக்கு என்ன வாசம்? அதைப் பற்றி எவன் கேட்பான்? நிறத்தைப் பார்த்து வாய் பிளக்கட்டும், தின்றுவிட்டுப் போகட்டும். புத்தகமும் விமர்சனமுமாகத் திரியும் என் அறிவுக்கு எட்டியவரை, வாசனையே வரக்கூடாது என்று திட்டம் போட்டுச் சமைத்த முதல் விருந்து அதுதான்.

நான் மதுரையிலிருந்து ஊதா முட்டைக்கோஸும் மஞ்சள் குடைமிளகாயும் பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கேரட் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கியது. வெள்ளரியும் தக்காளியும் ராசிங்காபுரத்துத் தோட்டத்தில் பறித்தவை. அக்கா கேரட்டை விரல் நீளத்துக்கு ஒரே அளவாகச் சீவினாள். நான் சீவியவை பலவிதமாக வந்தன. "வெட்டுறியா, பழிவாங்குறியா?" என்று கேட்டுவிட்டு என்னைத் துடைக்கும் வேலைக்கு மாற்றினாள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும் பெரிய எவர்சில்வர் தாம்பாளம். நடுவில் கிண்ணங்கள், சுற்றிலும் கேரட்டின் ஆரஞ்சை அடுத்து வெள்ளரியின் பச்சை, அதையடுத்து ஊதா, பிறகு முள்ளங்கியின் வெள்ளை. ஒரு நிறம் இன்னொன்றோடு கலந்துவிடாமல் அக்கா எட்ட நின்று பார்த்துப் பார்த்து நகர்த்தினாள். மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். "திருவிழா மாதிரி இருக்கு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று நான் வறுத்த கடலையை அரைத்து ஒரு டிப் செய்தேன். படித்தவன் சமையலறைக்குள் வந்தால் ஏதாவது கண்டுபிடிக்காமல் போகமாட்டான். அலமாரியின் பின்வரிசையில் இருந்த பாட்டிலிலிருந்து கடலை எண்ணெய் தாராளமாக ஊற்றினேன். அக்கா சேலை மாற்றப் போயிருந்தாள். "மச்சான், எப்படி இருக்கு பாருங்க" என்று நீட்டினேன். தொட்டு நக்கிவிட்டு, "பிரமாதம், மாப்ளே. உப்பு கரெக்டு" என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. யாரிடம் கேட்கிறோம் என்பதே மறந்துபோய், பழக்க தோஷத்தில் அவர் மூக்கை நம்பிவிட்டேன்.

தட்டு ஒரு சுற்று சுற்றிக் குறையாமல் திரும்பியதும் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அண்ணே, இது சாம்பிள் இல்ல. சாப்பிடுறதுக்கு!" கூடமே சிரித்தது. தலைவர், "ஏன் தங்கச்சி, வெள்ளாடு ஏதும் வளக்குறீங்களா? அது தட்டு மாறி வந்துருச்சோன்னு பாத்தேன்" என்றார். ஆனாலும் முதலில் கேரட்டை எடுத்துக் கடலையில் முக்கி வாயில் போட்டவர் அவர்தான். கண்ணை மூடினார். "அடடா! கடலை வாசம் தூக்குதப்பா."

வாசம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். மச்சான் தயங்கவே இல்லை. தலைவர் புருவம் ஏறியதைப் பார்த்துவிட்டாரே. "பின்ன? நம்ம ஊருக் கடலையில்ல. அந்த வாசம் வேற எதுக்கு வரும்?" என்று அவரும் ஒரு துண்டை முக்கித் தின்றார்.

கிண்ணம் கம்பத்துப் பாயிடம் போனது. வியாபாரிகளில் அவர்தான் இளையவர், அதிகம் பேசாதவர். வெள்ளரியை முக்கப் போன கை பாதியில் நின்றது. கிண்ணத்தை மூக்கருகே தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "தங்கச்சி, கோவிச்சுக்கக் கூடாது. எண்ணெய் கெட்டுப்போயிருக்கு. சிக்கு வாடை ஆள அடிக்குது." பக்கத்தில் இருந்தவரும் முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு எல்லோர் கண்களும் மெதுவாகத் தலைவரிடமும் மச்சானிடமும் போய் நின்றன. "தலைவரே, இப்பத்தான வாசம் தூக்குதுன்னீங்க?" என்றார் பாய்.

நான் உள்ளே புகுந்து, வெளிநாட்டில் இதை இப்படிப் பழசாக்கித்தான் சாப்பிடுவார்கள் என்று ஏதோ உளறினேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா தாம்பாளத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்தார். வேட்டியில் விரலைத் துடைத்தார்.

"பாய், எனக்கு வாசம் தெரியாது" என்றார். "காச்சல் வந்து போனதிலருந்து ஒண்ணுமே தெரியல. சொன்னா நாளைக்கு எவன் என்னைய நம்புவான்? அதான் சொல்லல. இம்புட்டு நாளும் நடிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஆறுதலாக யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைவர் துள்ளி எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "அடப்பாவி! நான் உன் மொகத்தப் பாத்துல்லய்யா வாங்கிக்கிட்டு இருந்தேன்!"

யாருக்கும் முதலில் புரியவில்லை. தலைவர் மறுபடியும் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "எனக்கும் போச்சுப்பா. அதே காச்சல்ல. நீ புருவத்த ஏத்துனா நல்ல சரக்குன்னு நெனச்சுக்கிருவேன்."

"தலைவரே, நான் உங்க புருவத்தப் பாத்துத்தான ஏத்துனேன்!"

சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறி, அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சிரிக்காதவர் பாய் மட்டும்தான். "எனக்கு வாசம் நல்லாத்தான தெரியுது" என்றார், யாரையும் பார்க்காமல். "போன சீசன்ல ஒரு லாட்டு பூசண வாடை அடிச்சுச்சு. உங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தேன். ரெண்டும் தெளிவா இருந்துச்சு. சரி, பெரியவங்களே நல்லாருக்குங்கும்போது நம்ம மூக்குலதான் கோளாறுன்னு நானும் வாங்கிப் போட்டேன்."

சிரிப்பு அடங்கியது. எனக்கு அவர் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மூக்கு இல்லாதவர்கள் இருப்பதாக நடித்தது பெரிதல்ல. மூக்கு இருந்தவர் அதை மடித்து வைத்துவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்தாரே, அது. நான் ஆகா ஓகோ என்று புகழ்ந்த புத்தகங்களில் எத்தனை, பிறர் புருவத்தைப் பார்த்துப் புகழ்ந்தவை என்று அன்று பஸ்சில் திரும்பும்போது எண்ண ஆரம்பித்து, உசிலம்பட்டி தாண்டுவதற்குள் நிறுத்திக்கொண்டேன்.

செய்தி மறுநாளே போடிமெட்டு ஏறி மலைத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. வடக்கத்திக் கடைக்காரர்களுக்கு மச்சானே போன் செய்து சொன்னார். ஒருவர் விலகிக்கொண்டார். அவர்தான் பெரிய கடை. மச்சானுக்கு அந்த வலி இன்னும் இருக்கிறது. மற்றவர்கள், சரக்கு நன்றாக வரும்வரை நீங்களே பிடித்து அனுப்புங்கள் என்றார்கள். அடுத்த ஏலத்தில் அவர் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தட்டு வந்ததும் நிறமும் பருமனும் பார்த்தார், மூக்குக்குக் கொண்டுபோகாமல் அப்படியே பாயிடம் நீட்டி, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வாசம் எப்பிடி பாய்?" என்று கேட்டாராம். பின்வரிசையிலிருந்து தலைவர், "சத்தமாச் சொல்லு பாய், எனக்கும் சேத்து" என்றாராம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம். அடுப்பில் குழம்பு கொதிக்க, மச்சான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மூடியைத் திறந்தாள்.

"என்ன வருது?" என்றார் மச்சான்.

"மல்லி வருது. கொஞ்சம் அடிப்பிடிச்ச வாடையும் வருது." அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்பல்லாம் தீஞ்சது சத்தமில்லாமப் போயிரும்டா. இப்ப நானே என்னையக் காட்டிக்குடுக்க வேண்டியிருக்கு."

"தீஞ்சது கெடக்கட்டும்" என்றார் மச்சான், நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு. "மல்லி எப்பிடி இருக்கு, அதச் சொல்லு."