தொப்புளுக்கு மேலே ஒரு கோடு

என் தங்கை மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை, தையல் மெஷின் மிதியில் தன் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்ததாம். மாலையில் வீடு திரும்பும்போது இடது செருப்பு கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நாங்கள் இருவர்தான். பத்திரிகை வேலை என்பதால் கேள்வி கேட்பது எனக்குப் பழக்கம். கேட்டேன். இரண்டு வாரம் முன்பு காய்ச்சல். இப்போது இரண்டு கால்களும் மரத்திருந்தன. வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது.

தெரு முனை டாக்டர் இடுப்பில் நரம்பு அழுந்துகிறது என்று வலி ஊசி போட்டார். மறுநாள் அவளால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

"ஊருக்குப் போயி எண்ணெ போட்டு நீவுனா சரியாயிரும்ணே" என்றாள்.

திருநெல்வேலிக்கு டிக்கெட் பார்த்தேன். வெயிட்டிங் லிஸ்ட். அதனால்தான் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இளம் பெண் டாக்டர் ஒருவர் பாதத்திலிருந்து மேல்நோக்கி ஊசி முனையால் தொட்டுக்கொண்டே வந்தார். தொப்புளுக்கு ஒரு விரல் மேலேதான் தங்கைக்கு அது குத்தியது. அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று இந்தியில் கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் திரைக்கு வெளியே போனேன்.

நேற்றுக் காலை என்று அவள் சொன்னது கேட்டது. பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, வீட்டிலும் சண்டாஸ் எனும் பொதுக் கழிப்பறை வரிசைதான், அடக்கி வைத்துப் பழகிவிட்டது, அதனால் வித்தியாசமாகத் தோன்றவில்லை என்றாள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

சிறுநீர்க் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. டாக்டர் உடனே எம்.ஆர்.ஐ.க்குப் போன் செய்தார்.

தங்கை கட்டிலில் தொங்கிய பையைக் காட்டினாள். "மூஞ்சிய ஏன் தொங்கப்போட்டிருக்க? இனிமே சண்டாஸ் லைன்ல நிக்க வேண்டாம்லா."

தாராவிப் பக்கம் முதுகுத் தண்டில் கோளாறு என்றால் முதல் பயம் டி.பி. படத்தில் அது இல்லை, கட்டியும் இல்லை. தண்டுவடத்தின் நடுப்பகுதியில் வெளுப்பாக ஒரு பட்டை இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தண்டுவடத்தைத் தாக்கி வீங்க வைத்திருக்கிறது என்றார் டாக்டர். ஏன் என்று தெரிய, ரத்தமும் முதுகுத் தண்டு நீரும் சோதனைக்குப் போயின. முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கினார்கள், ஐந்து நாளைக்கு. மரத்துப்போன இடத்தின் எல்லையான அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனால் மூச்சுக்கும் சிக்கல் வரலாம் என்றார். திரும்ப நடப்பாளா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

இரண்டாம் நாள் கோடு இரண்டு விரல் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் அங்கேயே நின்றது. நான்காம் நாளும்.

ஐந்தாவது பாட்டில் பாதி இறங்கியிருந்தபோது கூப்பிட்டாள்.

"அண்ணே, பெருவெரல அசைக்கேன். அசையுதா பாரு. எனக்குத் தெரியல."

"எந்தக் காலு?"

"ரெண்டுந்தான்."

இடது கால் அப்படியே இருந்தது. வலது பக்கம் போர்வை லேசாக அசைந்தது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம். போர்வையை முழங்கால்வரை மடித்துவிட்டு, விரலுக்கு நேராகக் குனிந்தேன்.

"ஏளா, இன்னொரு வாட்டி செய்யி" என்றேன்.