புது லைசன்காரன் முதலாளி தேடின கதை

லொறி ஓட்டப் பழகுவதற்கு ஆறு மாதம் போதும். எவனுடைய லொறியில் ஏறக்கூடாது என்று பழகுவதற்குள் முதுகு வளைந்துவிடும். லொறிக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. நிற்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

சூறாவளி அடித்து எங்கள் பக்கத்துத் தென்னை எல்லாம் படுத்துக் கிடந்ததற்கு மறுவருஷம் எனக்கு லொறி லைசன் கிடைத்தது. அதுவரை எட்டு வருஷம் கல்முனைக் கடைத்தெருவில் நாட்டாமை வேலை, மூடை சுமக்கிறது. அரிசி மூடை, சீனி மூடை, சீமெந்து, எது வந்து இறங்கினாலும் முதுகு என்னுடையது. லைசன் போனால் திரும்பவும் அந்த வேலைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

பின்பக்கம் பார்த்த ஹாஜியார்

முதலில் போனது சாய்ந்தமருதில் மூன்று லொறி வைத்திருந்த ஒரு ஹாஜியாரிடம். நெல்லும் அரிசியும் கொழும்புக்கு ஏற்றுவார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரித் துருவித் துருவிக் கேட்பார் என்று நினைத்துப் போனேன். கியரைப் பற்றிக் கேட்கவில்லை. மகியங்கனை மலை வளைவுகளைப் பற்றிக் கேட்கவில்லை. லைசனை வாங்கினார், திருப்பினார், பின்பக்கத்தைப் பார்த்தார். கோட்டில் குற்றவாளி என்று தீர்த்தால் நீதவான் எழுதுகிற இடம் அது. என்னுடையதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஹாஜியார் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ், வெள்ளயா இரிக்கி" என்று சொல்லி, லைசனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கொழும்பு ஓட்டம் போகும்போது தருவார், வந்ததும் வாங்கிக்கொள்வார். றைவர் வேறு லொறிக்குப் பாய்ந்துவிடக் கூடாதாம். மாட்டுக்குக் கயிறு, எங்களுக்கு அலுமாரி. அந்தக் காலத்து முதலாளிமார் பலர் இப்படித்தான்.

பத்தாம் நாள் ஹாஜியாரின் மகன் காரைதீவுச் சந்திக்குக் கிட்ட ஒரு மாட்டுவண்டியை இடித்துவிட்டான். அவனுக்கு லைசன் கிடையாது. வண்டிக்காரருக்குக் கால் முறிந்துபோனது. இவன் இறங்கியும் பார்க்காமல் லொறியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் அந்த நேரம் மில்லில், இன்னொரு லொறிக்கு நெல் ஏற்றிக்கொண்டு நின்றேன். ஹாஜியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஸ்டேசனுக்குப் போய், ஓட்டினது நான்தான் என்று சொல்லட்டுமாம். எங்கள் தொழிலில் இதற்குக் 'கேஸ் ஏறுவது' என்று பேர். எவன் இடித்தாலும் புது றைவர்தான் ஏற வேண்டும். நான் எதற்கு என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

"உன்ட லைசன் புதுசு மகன், நீதவான் இரக்கப்படுவாரு. இதுக்கில்லாட்டி மறுகா என்னத்துக்கு உன்ன எடுத்த?"

தெற்கே போன பஸ்

லைசன் அலுமாரிக்குள். சாவி ஹாஜியாரின் இடுப்புப் பட்டியில். நான் மறுத்துக் கதைத்தால் அது வெளியில் வராது. "சரி ஹாஜியார், போறன். லைசன் இல்லாமப் போய் நிண்டா சார்ஜன்ட முதல் கேள்வியே அதுதானே?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். மகன் மேசையில் இருந்து இடியப்பம் தின்றுகொண்டிருந்தான். இரண்டாம் தரம் சொதி கேட்டான். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஹாஜியார் அலுமாரியைத் திறந்து, பிஸ்மி சொல்லி, லைசனை என் கையில் வைத்தார். "போயிட்டு வா, அல்லாஹ் லேசாக்கித் தருவான்" என்று துஆவும் செய்தார். பொய் சொல்லப் போகிறவனுக்குத் துஆ.

ஸ்டேசன் வடக்கே. நான் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். கொண்டக்டர் வந்து எவடத்துக்கு என்று கேட்டான். இந்த பஸ் போகிற கடைசி இடத்துக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"ஆரக் காக்கா வெட்டிப்போட்டு வாறீங்க?"

கம்பனிப் பலகை

அக்கரைப்பற்றில் காக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் லொறி விட்டார்கள். வாசலில் 'கம்பனி' என்று பலகை. உள்ளே மேசை, காற்றாடி, சுவரில் மக்கா படம் போட்ட கலண்டர். பலகை வைத்தவன் ஒழுங்காக இருப்பான் என்று நம்பினேன். பலகைக்கும் ஒழுங்குக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது தெரியும்.

லைசனை நீயே வைத்துக்கொள் என்றார்கள். சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் ஒரு முழுத்தாளை என் முன்னால் வைத்து, கீழே ஒரு கையெழுத்துப் போடு என்றார் காக்கா. தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். தேவை வந்தால் எழுதிக்கொள்வோம் என்றார். தேவை என்றால் என்ன? ஏதாவது ஒன்றை இடித்தால், பாரம் கூடினால், ரயர் வெடித்தால். ஹாஜியார் அலுமாரியில் வைத்ததை இவர்கள் தாளில் வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேனையை வாங்கி, தாளின் உச்சியில், விளிம்போடு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேலே ஒரு எறும்பும் ஊர முடியாது. காக்கா தாளைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். திருப்பினால் கையெழுத்தும் தலைகீழாகத்தானே நிற்கும்? தம்பிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இவன் றைவரில்ல காக்கா, கோட்டில பேசுற அப்புக்காத்து. அனுப்பு."

தேத்தண்ணிக் கடை

மூன்று கிழமை அலைந்தேன். நிந்தவூரில் ஒருவர், சம்மாந்துறையில் ஒருவர், அட்டாளைச்சேனையில் ஒருவர். ஒருவரிடம் புது ஜப்பான் லொறி. ஏறி இருந்தால் இறங்க மனம் வராது. எல்லோரும் முதலில் லைசனின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். கேஸ் ஏறமாட்டேன் என்று நானே முந்திச் சொல்லிவிடுவேன். மறுகா சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அனுப்பவில்லை.

கடைசியில் திரும்பக் கல்முனைக்கு வந்தேன். பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் றைவர்மார் இருந்து வெட்டிக்கதை கதைக்கிற தேத்தண்ணிக் கடை ஒன்று. உள்ளே போனேன். இஸ்மாயில் காக்கா என்று ஒரு பழைய றைவர், முப்பது வருஷம் ஓட்டினவர், "இந்தா வந்திட்டாரு சுத்தமான மனிசன்" என்று இடம்விட்டார். அவர் சொல்லித்தான் தெரியும், நான் பஸ் ஏறின அன்றைக்கே ஹாஜியார் பொலிசுக்கு என் பேரைக் கொடுத்துவிட்டார் என்று. றைவர் ஓடிவிட்டான், நான் என்ன செய்ய என்று கையை விரித்தாராம். மூன்று கிழமையாகப் பொலிஸ் என்னைத் தேடுகிறது. ஓட்டாத லொறிக்கு நான் றைவர். இடிக்காத வண்டிக்கு நான் தப்பியோடினவன்.

ஆத்திரம் வந்தது ஹாஜியாரில் அல்ல. அவர் முதலாளி, அப்படித்தான் இருப்பார். அந்தக் கடையில் இருந்த ஏழெட்டு றைவர்மாரில் ஒருவருக்கும் இது அநியாயமாகப் படவில்லை. இஸ்மாயில் காக்கா தன் லைசனை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். நாலு கேஸ். நாலும் அடுத்தவன் இடித்தது. கலியாணப் படம் காட்டுகிற மாதிரிக் காட்டினார்.

"நீ உன்ட லைசனப் பெட்டிக்குள்ள வெச்சி அத்தர் பூசிக்கி இரி தம்பி, நாங்க லொறிய ஓட்டுறம்."

ஸ்டேசன் வாங்கு

நானாகவே ஸ்டேசனுக்குப் போனேன். "நீதானா ஒளிச்சுக்கொண்டு திரிஞ்ச றைவர்?" என்றார் சார்ஜன். றைவர்தான், ஓடினதும் உண்மை, இடித்தது நானில்லை என்றேன். எல்லாரும் இதைத்தான் சொல்லுகிறது என்று லைசனை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். மில்லில் நின்றேன், கிளாக்கரைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். மில் கிளாக்கருக்கு நான் அன்றைக்கு வந்த ஞாபகம் இல்லையாம். அவர் கையால் எனக்குச் சிட்டை எழுதித் தந்தவர். ஹாஜியாரின் நெல் வராவிட்டால் மில்லுக்கு வேலையில்லை, அதனால் ஞாபகமும் இல்லை.

மிச்சம் வண்டிக்காரர்தான். காரைதீவுத் தம்பிப்பிள்ளை, வயல் செய்கிறவர். அடுத்த நாள் காலை வாடகைக் காரில் வந்தார். காலில் சுண்ணாம்புக் கட்டு, கையில் தடி. வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். என்னை நெடுநேரம் பார்த்தார். ஆம் என்று அவர் தலையை ஆட்டினால் என் எட்டு வருஷமும் அந்த லாச்சியோடு போய்விடும். காலை முறித்தவன் யாராக இருந்தாலும் சரி, ஒருவன் கிடைத்தால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். "இவனில்ல. அது மீச முளைக்காத தடிச்ச பொடியன். நான் அண்டைக்கே சொன்னன், நீங்கதான் எழுதல்ல" என்றார் சார்ஜனிடம். சார்ஜன் லாச்சியைத் திறந்தார்.

லைசனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பெரிய உபகாரம் அண்ணன்" என்றேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மாரி மழைக்கு முதல் உழ வேண்டிய வயல் அப்படியே கிடக்கிறது. மாடு இரண்டும் வீட்டில் நிற்கிறது. யார் இடித்தது என்று தெரியாமல் மூன்று கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்கிறார். என் வாழ்நாளில் என்னை ஏசினவர்கள் ஏராளம், நானும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இவர் ஏசவில்லை, கேட்டார்.

"உன்ட லைசனுக்காக நீ ஓடினாய், அது சரி. இடிச்சவன் ஆரெண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு ஓடியிருக்கலாமே தம்பி?"

கதவுக்குப் பின்னால் முதலாளி

சொன்னேன். அந்த வாங்கிலேயே ஹாஜியாரின் மகனுடைய பேரைச் சொல்லி எழுதக் கொடுத்தேன். அவன் நீதவானுக்கு முன்னால் கோடு ஏறினான், ஹாஜியார் வண்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதோடு சாய்ந்தமருது தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் எந்த முதலாளியும் என் சலாத்துக்கும் பதில் சொல்லவில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் எனக்கு மட்டும் வழி தாராளமாகக் கிடைக்கும்.

அட்டாளைச்சேனையில் புருஷன் மௌத்தாகி விதவையான ஒரு மாமியிடம் ஒரே ஒரு பழைய லொறி இருந்தது. கோமாரி, பொத்துவில் பக்கத்துக் கருவாடு ஏற்றும். வேறு எவனும் ஏறாத லொறி என்பதால் நான் போனேன். நான் முற்றத்தில் நின்றேன். அந்நிய ஆண் என்பதால் அவர் கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தார். ஆறு மாதத்துக்கு நான் என் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை, குரல் மட்டும்தான். கேஸ் ஏறமாட்டேன் மாமி என்று வழக்கம்போல் முந்திக்கொண்டேன். "எனக்கி மூணும் பொட்டப்புள்ள. ஆருக்காக நீ ஏறப்போறாய்?" என்றது கதவு.

சாவியை வாங்கி லொறியில் ஏறினேன். பிறேக்கை மிதித்தேன். கால் தகரத்தில் போய் நின்றது. ஸ்டியறிங்கைச் சுற்றினேன். அரைச் சுற்றுக்குப் பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போனது. இறங்கிவந்து, இதைச் செய்யாமல் நான் எடுக்கமாட்டேன், எடுத்தால் முதல் வளைவிலேயே ஆரையாவது கொன்றுவிடுவேன் என்று சொன்னேன். இதுவும் போச்சு என்று செருப்பைப் போட்டுக்கொண்டேன். மாமி உள்ளே மகளைக் கூப்பிட்டு, கராஜ்காரரை வரச்சொல்லு என்றார். லொறி எட்டு நாள் கராஜில் நின்றது. எட்டு நாளும் கருவாடு மற்றவன் லொறியில் போனது. ஒன்பதாம் நாள் சாவியை மகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று கோபமாகக் கேட்டார்.

"ரெண்டு வருஷத்தில மூணு றைவர் ஓட்டினாங்க. இந்தக் கதய ஒருத்தனும் எனக்கிட்டச் சொல்லல்லையே, ஏன்?"

அடுத்த வருஷம் அக்கரைப்பற்றுச் சந்தியில் கை காட்டாமல் திருப்பியதற்காக நீதவான் என் லைசனில் முதல் வரியை எழுதினார். என் பிழைக்கு நானே ஏறின கேஸ் என்பதால், இந்தத் தொழிலில் நான் முறையிடாமல் வாங்கிக்கொண்ட ஒரே சாமான் அதுதான்.