கீறினேன் என்று எழுதினேன்

போட்டோக் கொப்பி மெஷினின் மூடியைத் திறந்தபடி விட்டுப் பட்டனை அழுத்தினால் தாள் முழுக்கக் கறுப்பாக வரும். வெள்ளவத்தையில் நான் வேலை செய்கிற கடையில் இது அடிக்கடி நடக்கும். வருகிறவர்கள் அவசரப்படுத்தும்போது நான்தான் மூடியை மறந்துவிடுவேன். முதலாளி அந்தத் தாள்களைக் குப்பையில் போடச் சொல்லுவார். நான் மேசை லாச்சிக்குள் சேர்த்து வைப்பேன். பக்கத்துப் புத்தகக் கடையில் வெள்ளை ஜெல் பேனை கிடைக்கும். கறுப்பில் வெள்ளை நன்றாக விழும்.

நான் கீறுவது கைகளை மட்டும். ஆட்களின் முகத்தை நேரே பார்க்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். கடையில் அது பெரிய பிரச்சினை இல்லை. எல்லாரும் கையைக் கவுண்டரில் வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். பிறப்புச் சான்றிதழை விரித்துப் பிடிக்கிற கை, விசாப் பத்திரத்தின் மடிப்பைத் தேய்க்கிற கை. மெஷின் ஓடி முடிகிறவரைக்கும் கீறலாம். இருபது பக்கம் கொப்பி எடுக்க வந்தால் ஒரு முழுக் கை முடிந்துவிடும். அடையாள அட்டை மட்டும் என்றால் ஒரு பெருவிரல்.

இதைப் பார்த்த ஒரே ஆள் பக்கத்து மேசையில் கடிதங்கள் டைப் பண்ணுகிறவ. யாழ்ப்பாணம். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவ, ஆனாலும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவா. தன் வயதைக் குறைக்கிற வழி அது என்று அவவே சொல்லுவா. நானும் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவதான் என்னை முகநூலில் தமிழ் ஓவியர்களின் குழு ஒன்றில் சேர்த்துவிட்டா.

அங்கே எல்லா நாட்டுத் தமிழரும் இருந்தார்கள். நடத்துகிறவர்கள் தமிழ்நாட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் தன் பழக்கத்தை எழுதவேண்டும்: எத்தனை மணிக்கு வரைவார், எந்தப் பேனை, இருந்தபடியா நின்றபடியா. படங்களைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மலேசியாவில் ஒருவர் காலை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டுதான் வரைவாராம். கோயம்புத்தூரில் ஓர் அம்மா முதல் பத்து நிமிடம் இடது கையால் வரைந்து பார்ப்பாவாம். இடது கையை நானும் முயற்சி பண்ணினேன். வாளியைக் கடைக்குள் கொண்டுவர முடியாது.

மாதக்கணக்காக வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் துணிந்து ஒரு படம் போட்டேன். ஒரு வயதான அம்மாவின் கை. மோதிரம் கழன்று விழாமல் இருக்க அதில் நூல் சுற்றியிருந்தா. கீழே ஒரே வரிதான் எழுதினேன்: "கடையில் நின்றபடி கீறினேன். கறுப்புத் தாள்."

பின்னேரத்துக்குள் நிறைய "அருமை" விழுந்திருந்தது. அந்தக் கையில் சின்னவிரல் நீண்டுபோயிருந்தது எனக்குத் தெரியும். யாராவது அதைச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் அம்மா மட்டும், "கீறினதா! என்ன நேர்த்தி! நீங்களே கீறினதாண்ணா?" என்று கேட்டிருந்தா. "ஓம்" என்று பதில் போட்டேன். அதற்குக் கீழே மூன்று பேர் "ஓம் நமசிவாய" என்று எழுதிக் கும்பிட்டார்கள். பக்தியான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த பிளேடு யூஸ் பண்றீங்க?" என்று இன்னொருவர் கேட்டார். தாள் வெட்டுவதைக் கேட்கிறார் என்று எண்ணி, "கடையில் இருக்கிற பெரிய பிளேட்தான்" என்று எழுதினேன். அதற்கும் "அருமை".

இரண்டு நாளில் குழுத் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. வருடக் கலண்டருக்குப் பன்னிரண்டு படம் தெரிவு செய்கிறார்களாம், அதில் என்னுடையதும் ஒன்றாம். "ஓவியர் அவர்களே" என்றுதான் தொடங்கியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தை விட்ட என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. படத்தின் தலைப்பு "கீறல் ஓவியம்" என்றும், அடுத்த ஞாயிறு என் பழக்கத்தை எழுதவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். முக்கியமாக, கறுப்பை எப்படிச் சுரண்டி எடுக்கிறேன் என்று.

ஃபோனைத் தங்கச்சியிடம் கொண்டுபோனேன்.

"இதை ஒருக்காப் பாருங்கோ. என்ன கேக்கிறாங்கள் எண்டு எனக்கு விளங்கேல்ல."

வாசித்துவிட்டுக் கீபோட்டில் தலையை வைத்துச் சிரித்தா. "அண்ணை, அங்க கீறுறது எண்டால் பிளேட்டால கிழிக்கிறது. நீங்கள் கறுப்பைச் சுரண்டி வெள்ளை எடுத்தனீங்கள் எண்டெல்லோ நினைச்சிட்டினம்!"

"நான் பேனையாலதானே கீறினனான்?"

"பாருங்கோ, திரும்பவும் கீறினனான்!"

"அய்யே, கொப்பி தெகக்" என்று சிங்களத்தில் கேட்டபடி ஒருவர் வந்து நின்றார். இரண்டு கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். மூடியை மறந்துவிட்டு ஒரு தாளைக் கறுப்பாக்கினேன்.

"இனி உங்களோட கதைக்கவே பயமாக் கிடக்கு, பிளேட்டோட திரியிற ஆள்" என்றா தங்கச்சி. பிறகு, "பேசாம விடுங்கோ அண்ணை. கலண்டர் வரட்டும். இங்க ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்றா.

விட்டுவிடத்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஃபோனைத் திறந்தால் கோயம்புத்தூர் அம்மா ஒரு படம் போட்டிருந்தா. கிழிந்துபோன மூன்று கறுப்புத் தாள்கள், பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டிய அவவின் விரல். "ஜெராக்ஸ் தாள்ல டிரை பண்ணேண்ணா. கையும் வெட்டிக்கிச்சு. அந்த டெக்னிக்கைச் சொல்லுங்களேன்."

அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பதிவை நானே எழுதினேன். ல, ள, ழ மட்டும் தங்கச்சி திருத்தினா. நான் எதையும் சுரண்டவில்லை, வெள்ளைப் பேனை, பிளேட் தாள் வெட்ட மட்டும் என்று எழுதி, அம்மாவின் விரலுக்கு மன்னிப்புக் கேட்டேன். "எங்கள் ஊரில் படம் வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்லுவோம்" என்றும் எழுதினேன். அதற்குக் கீழேதான் என் பழக்கத்தை எழுதினேன். மெஷின் ஓடுகிற நேரம்தான் என் நேரம் என்று. முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறவனுக்குக் கைதான் முகம் என்று. இதை நான் வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அதைப் பற்றி ஒரு வரி கூட வரவில்லை. எல்லாம் அந்தச் சொல்லைப் பற்றித்தான். "நல்ல தமிழ்ல எழுதியிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காதே தோழர்" என்றார் ஒருவர். "மாட்டிக்கிட்டதும் கதை விடுறார்" என்றார் இன்னொருவர். இலங்கைத் தமிழ்தான் சுத்தத் தமிழ் என்று ஒருவர் எனக்காக வந்து நின்றார். அதோடு சண்டை வேறு எங்கேயோ போய்விட்டது. சண்டை நீள நீள நான் கீறிய கை மேலே மேலே போய் மறைந்தது. சின்னவிரலை அப்போதும் ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் பார்த்தால் என் பதிவு மாறியிருந்தது. என்னைக் கேட்காமலே தலைவர் "கீறு" வந்த இடமெல்லாம் "வரை" என்று திருத்தி மறுபடி போட்டிருந்தார். ஓர் இடமும் தப்பவில்லை. "எங்கள் ஊரில் படம் வரைவதை வரைவது என்றுதான் சொல்லுவோம்" என்று என் பெயரில் நின்றது. அதற்கும் ஆறு பேர் "அருமை" போட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த சொற்கள் கொஞ்சம். பல சொற்களை எழுதும்போது எந்த எழுத்து என்று இன்றைக்கும் தடுமாறுவேன். "கீறு" அப்படி இல்லை. முதலாம் வகுப்பில் ரீச்சர், "எல்லாரும் வீடு கீறுங்கோ" என்று சொன்ன நாளிலிருந்து அது என்னிடம் இருக்கிறது. பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த ஒரு சொல்லையும் திருத்திவிட்டார்கள்.

பழையபடி மாற்றச் சொல்லித் தலைவருக்கு எழுதினேன். "வாசிக்கிறவங்களுக்குப் புரியணும்ல சார். காலண்டர்ல உங்க பேரைப் போட்டு 'வரைந்தவர்'னு போடுறோம். சந்தோஷம்தானே?" என்று பதில் வந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். ஓவியர் என்று கூப்பிட்ட ஒரே இடம் அது. கலண்டர் வந்தால் மெஷினுக்கு மேலே உள்ள ஆணியில் கொழுவலாம் என்று இடமும் பார்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள், "கீறியவர் என்று போடுவதென்றால் போடுங்கோ. இல்லாவிட்டால் படம் வேண்டாம்" என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு பெருவிரல் அடையாளம் மட்டும் வந்தது. அவ்வளவுதான். கலண்டரில் என் இடத்தில் ஒரு மயில் இருக்கிறது.

போன கிழமை கோயம்புத்தூர் அம்மா தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தா. கறுப்புத் தாளில் வெள்ளைப் பேனையால் தன் இடது கை. "இப்ப சரியா கீறியிருக்கேனாண்ணா?" என்று கேட்டிருந்தா. கீறியிருக்கேனா என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். பெருவிரல் மணிக்கட்டின் நடுவிலிருந்து முளைத்திருந்தது. "பெருவிரல் பிழை. இன்னும் கொஞ்சம் மேலே வரவேணும். திரும்பக் கீறுங்கோ" என்று அனுப்பினேன்.

பார்த்துவிட்டா. பதில் இன்னும் வரவில்லை.

"முதல்ல ஒரு 'அருமை' போட்டுட்டுச் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றா தங்கச்சி. "இருந்த ஒரு ஆளையும் கலைச்சுப்போட்டீங்கள்."

"பெருவிரல் பிழைதானே?" என்றேன்.

ஃபோனை வாங்கி, தன் கையை விரித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தா.

"ஓம், பிழைதான்" என்றா.