பிரேக் பிடித்தால் மட்டும் தெரிந்த வழி

என் கையெழுத்து மோசம். பிழையும் நிறைய இருக்கும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். கல்யாணமாகி கேரளத்துக்கு, பாறசாலைப் பக்கம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மலையாளம் நன்றாகப் பேசுவேன். வாசிக்கத் தெரியாது. இது என் மனைவிக்கே தெரியாது. வீட்டுக்கு ஏதாவது தபால் வந்தால், "கண்ணு மங்கலா இருக்கு, நீ வாசி" என்று அவளிடம் கொடுத்துவிடுவேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

பாலராமபுரத்தில் ஒரு கைத்தறித் துணிக்கடையில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை. இந்த வருடம் முதுகு விட்டுப்போயிற்று. கடை நடத்தும் அக்கா கூப்பிட்டு, "உனக்கு பைக்கு உண்டுல்லா? கல்யாண வீடுகளுக்குத் துணி கொண்டு குடுக்கியா? ஒரு தடவை போய்ப் பாரு. சரியா வந்தா அந்த வேலைய உனக்கே தாறேன்" என்றார். தலையாட்டிவிட்டேன். இல்லையென்றால் மறுபடி மூட்டைதான்.

வழி கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரானாலும் சொல்வார்கள். ஆனால் "இன்ன போர்டு இருக்கும், அங்க திரும்பு" என்றுதான் சொல்வார்கள். அதற்குமேல் நான் என்ன கேட்பது? தெரியாதவர்களிடம் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

மைத்துனன் வளைகுடாவில் காரில் வைத்திருந்து, பிறகு நம் ஊர் வரைபடமும் ஏற்றிவைத்த பழைய ஜிபிஎஸ் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அம்புக்குறியைப் பார்த்துப் போக எழுத்து வேண்டாம். அதன் பேட்டரி செத்திருந்ததால் பைக்கிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் போனால், சொந்த ஊரில் ஓட்ட இது எதற்கு என்று கேட்பான். நானே செய்தேன்.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் பேட்டரி இறங்கிவிடும். சீட்டைக் கழற்றி, சாவி போட்டு, டெஸ்ட் லாம்பின் ஊசியால் ஒவ்வொரு ஒயராகக் குத்திப் பார்த்தேன். எங்கள் முற்றம் சரிவு. வண்டி உருளாமல் இருக்க மனைவி பிரேக்கைக் காலால் சவிட்டிக்கொண்டு நின்றாள். ஒரு ஒயரில் விளக்கு வந்தது.

"எரியுது, எரியுது" என்றாள்.

ஃப்யூஸ் வைத்துச் சேர்த்து டேப் சுற்றினேன். திரை தெளிந்தது. "இனி கண்ணு தெரியல்லேன்னாலும் கொழப்பமில்ல" என்றாள் அவள்.

மறுநாள் காலை தெருவில் இறங்கியதும் திரை அணைந்தது. சந்திப்பில் பிரேக் பிடித்தேன், உயிர் வந்தது. காலை எடுத்தேன், போய்விட்டது. நான் சேர்த்தது பிரேக் விளக்கின் ஒயர். அவள் சவிட்டிக்கொண்டு நின்றதால்தான் நேற்று அதில் கரண்ட் வந்திருக்கிறது. திரும்பிப் போக நேரமில்லை. கடை வாசலில் பிரேக்கில் கால் வைத்தபடியே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கடையில் துணி மடிக்கும் பெண் கல்யாண வீட்டு விலாசத்தை அதில் பதித்துக் கொடுத்தாள்.

வழி நெடுக பிரேக்கை லேசாகச் சவிட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஒட்டி வந்து தலையை நீட்டினார். "எலே, நிக்கியா போறியா? ஒண்ணு சொல்லு." பந்தலில் போய் நின்றபோது பின்சக்கரம் புகைந்தது. "என்னண்ணே, வண்டியில சமையலும் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

கொண்டுபோன மூன்று பொதிகளிலும் யாருக்கு எது என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. கல்யாணப் பெண்ணின் அப்பா, "வாசிச்சுப் பிரிச்சுத் தாருங்க" என்றார்.

"கண்ணாடி எடுக்க மறந்துட்டேன்."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதைப் போடுங்க. நமக்கெல்லாம் ஒரே வயசு, ஒரே கண்ணாக்கும்."

போட்டேன். எல்லாம் புகையாகத் தெரிந்தது. பொதியைப் பக்கத்தில் பிடித்தேன், தள்ளிப் பிடித்தேன். கடைசியில் பெரியதாக இருந்ததை எடுத்து, "இது பெண்ணுக்கு" என்று நீட்டினேன். கல்யாணப் பெண்ணே வந்து வாங்கி அதை வாசித்தாள்.

"அப்பா, எனக்கு வேட்டி வந்திருக்கு" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள். மற்ற இரண்டையும் என் கையிலிருந்து வாங்கித் தானே வாசித்துப் பிரித்தாள். பஸ்காரரும் பந்தலில் இருந்தவரும் சொன்னதை மறந்துவிடுவேன். அவள் சிரிப்பை நிறுத்தியதை மறக்க முடியவில்லை.

அங்கிருந்து போன் வருவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று நேராகக் கடைக்குப் போனேன். "அக்கா, எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது."

அக்கா கணக்கு நோட்டை மூடி வைத்தார். "வாய் உண்டுல்லா? கேட்டுப் போ. பொதிக்கு ஒவ்வொரு நிறத்துல நூலு கெட்டித் தாறேன். நாளைக்கும் நீதான் போற" என்றார்.

இப்போது கேட்டுத்தான் போகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் காது சுடுகிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒயர் மாறிப்போனதை மட்டும் சொன்னேன். "நான் சவிட்டினதுனாலயாக்கும்" என்று அவள் கலங்கிவிட்டாள். மறுபடி சேர்க்கும்போது சக்கரத்துக்கடியில் கல் வைத்து, தள்ளி நின்றுகொண்டாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் எழுதிய இதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். முடித்துவிட்டு வரட்டும்.

ஆனி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.