பதினெட்டில் ஓடிய ஏசி

என் அண்ணியைப் பேக்கரிக்காரி என்றுதான் தெருவே சொல்லும். விடியுமுன் அடுப்பு முன்னால் போய் நின்றால், மதியம்வரை ரொட்டித் தட்டுகளோடு மல்லுக்கட்டு. வீடு திரும்பும்போது முகம் சிவந்து, ஆளே வெந்துபோயிருப்பாள். குளித்துவிட்டு வந்து படுக்கையறை ஏசியைப் பதினெட்டில் வைத்தால்தான் அவளுக்கு உயிரே வரும்.

அண்ணனுக்கோ ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை. பகலெல்லாம் உறைகுளிரில் பெட்டி அடுக்குகிற மனுஷன், வீட்டிலும் கம்பளித் தொப்பி, காலுறை, கிடங்குக் கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு படுப்பான். நல்ல ஜோடி சேர்ந்தது போங்கள்! கரண்ட் பில் வேறு எகிறியது.

"இருபத்தாறுல வெச்சு ஃபேனைப் போட்டுக்கலாமே" என்று பில்லைச் சாக்கிட்டு ஒருமுறை மெல்ல இழுத்தான்.

"அடுப்புல வேகுறது நானா, நீங்களா?" என்றாள் அண்ணி. அதோடு சரி.

போன வாரம் இருமல் பிடித்ததும் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டான். ஏனென்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இருவரும் உம்மென்று வளையவருவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷக் குடித்தனம் ஒரு மெஷினால் இரண்டாவதா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட ஞாயிறு சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கினேன். கூடத்தில் அண்ணன் இருமிக்கொண்டே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே அறையிலிருந்து வந்தாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க.

"என்ன அண்ணி, காய்ச்சலா?"

"இல்லம்மா. கட்டில் வெறிச்சுன்னு இருந்துச்சு. உங்க அண்ணன் பக்கம் போய்ப் படுத்தேன். யப்பா! காத்து நேரா நெஞ்சுல இறங்குது."

அவள் படுப்பது மேற்குச் சுவரோரம். உச்சி சாய்ந்ததிலிருந்து வெயில் வாங்கிய சுவர் அனலாய்க் கொதிக்கும். அதைத் தாங்காமல்தான் ஏசியைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறாள். ஏசி இருப்பதோ அண்ணன் தலைக்கு மேலே. இத்தனை வருஷமாக இடம் மாறிப் படுக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, பாருங்கள்!

"பாவி மனுஷா, இந்தக் குளிர்லயா படுத்திருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளெல்லாம் வெந்துட்டு வர்ற. உனக்குன்னு இருக்கிற சுகம் இது ஒண்ணுதான். அதுல போய் நான் கை வைக்கிறதா?"

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறைக்குள் போய் ஏசியை இருபத்தாறுக்கு ஏற்றினாள், ஃபேனைப் போட்டாள். கூடத்திலிருந்த அவன் தலையணையைத் தானே தூக்கிவந்து சுவரோரம் போட்டாள். அண்ணன் சூடான சுவரில் முதுகைச் சாய்த்து, "அப்பாடா!" என்றான். அவன் இடத்தில் அண்ணி படுத்தாள்.

சண்டைக்கு வந்த நான் அறை வாசலில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

"போறவ கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் வீணாப் போகுது" என்றான் அண்ணன்.