அந்தரத்தில் தொங்கியவரும் மருந்துச் சாடியும்

வீடு காலி செய்கிற தொழிலில் செத்தவர்களால் கரைச்சல் இல்லை. கரைச்சல் எல்லாம் இன்னும் சாகாதவர்களால்தான்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தால் பிள்ளைகள் முதலில் பாதிரியாரைக் கூப்பிடுவார்கள், அடுத்ததாக என்னை, சிவாவை. கட்டில், அலுமாரி, கோப்பை, படம் எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசி, வான் வண்டியில் ஏற்றி, பழைய சாமான் சந்தையில் சில்லறையாக விற்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடை விற்று, பொலிசைக் கண்டால் ஓடி, அப்படித்தான் பேரம் பழகினேன். கோபமும் கொஞ்சம் அதிகம். நீங்கள் ஆசையாக வைத்திருந்த சோபாவைத் தட்டிப் பார்த்து, "இதை ஆர் வாங்குவான்?" என்று கேட்டு உங்கள் வயிற்றை எரிய வைத்தவன் ஒருவன் இருப்பானே, நான் அந்தச் சாதி. ஆனால் பேரத்தில் தோற்றவனின் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். கால்சா என்கிற பழைய பகுதியில் ஒரு வீட்டில் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் கண்ட காட்சி

பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடி. மகன் மார்க்கோ மிலானோவிலிருந்து வந்து நின்றான். "அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திறம். அம்மா என்னோடை வாறா. வீடு காலியாக வேணும்" என்றான். அப்பாவுக்கு என்ன என்று அவன் சொல்ல முதலே நான் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே சிரொக்கோ வெக்கைக் காற்று. சன்னல் பலகைகள் எல்லாம் பூட்டு. அந்த அரை இருட்டில், நிலத்திலும் முட்டாமல் கட்டிலிலும் முட்டாமல், ஒரு மனிதர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் திறந்திருந்தன. என்னோடு வேலை செய்யும் ராசன் வன்னிப் போரில் எல்லாவற்றையும் கண்டு வந்தவன். அவனே படிக்கட்டு வரை பின்வாங்கினான்.

பிறகுதான் இயந்திரம் தெரிந்தது. நோயாளியைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்குகிற இயந்திரம். கீழே சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தா. தொங்கியவர் அவவின் கணவர், பேராசிரியர். மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தவர், அதற்குப் பிறகு அசைவுமில்லை, பேச்சுமில்லை. மனிதனுக்கு ஒரு விஷயம் எப்படித் தெரியவருகிறது என்று பழைய காலத்தில் அரபியில் எழுதிய முஸ்லிம் அறிஞர்களைப் பற்றித்தான் ஆயுள் முழுக்கப் படிப்பித்தாராம். சிஞ்ஞோரா அவரிடம் படித்தவ. இந்த வீட்டார் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவ சொன்னா: "பாரசீகத்து வைத்தியர் ஒருத்தர் ஆயிரம் வருசத்துக்கு முந்தி இதைத்தான் யோசிச்சவர். ஒருத்தனைக் கண்ணை மூடி, கை கால் ஒண்டிலும் முட்டாமல் காத்திலை விட்டால் அவனுக்கு என்ன தெரியும்? உலகம் தெரியாது, உடம்பும் தெரியாது. தான் இருக்கிறது மட்டும் தெரியும். அது லத்தீனிலை போய் ஐரோப்பா முழுக்க வாசிச்சது. எல்லாத்தையும் சந்தேகப்பட்டாலும் சந்தேகப்படுகிற நான் மிஞ்சிறன் எண்டு கனகாலத்துக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக்காரர் பேர் எடுத்தார். அவரிலையும் இந்தக் காத்துப் பட்டிருக்கும் எண்டு இவர் சொல்லுவார்." கணவரின் காலைத் தொட்டு மெல்லக் கட்டிலில் இறக்கினா. "பயப்படாதை சிவா. அவர் உள்ளுக்கை இருக்கிறார். அதை நிரூபிக்கத்தான் எனக்குத் தெரியேல்லை."

தொண்டைக்குழி

தொழில் இரகசியம் ஒன்று சொல்கிறேன். விற்பவனின் முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் நடிக்கும். தொண்டைக்குழியைப் பாருங்கள். அடிமாட்டு விலை காதில் விழுந்தால் மூச்சு ஒரு கணம் நிற்கும். நல்ல விலை விழுந்தால் நீளமாக வெளியே போகும். இன்னொன்று: உங்களுக்கு வேண்டிய பொருளை மட்டும் பார்க்கவே கூடாது. அந்த அறையில் நான் பார்க்காமல் விட்டது ஒரு மருந்துச் சாடி. நீலமும் மஞ்சளும் பூசி, கழுத்தைச் சுற்றி அரபு எழுத்துப்போலக் கோலம் போட்டது. ஊசியும் பஞ்சும் அதற்குள் கிடந்தன. பல நூறு வருசத்துப் பொருள் என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

கட்டிலில் ஆள் கிடக்க, கட்டிலுக்கே விலை பேசினேன். எங்கள் தொழிலில் இது ஒரு கெட்ட பழக்கம். பேசாதவரைச் சாமானோடு சேர்த்துவிடுவோம். "உந்த உடைஞ்ச சாடி குப்பைக்குப் போறது. அதையும் நான்தான் சுமக்கவேணும்" என்றேன். மார்க்கோவின் தொண்டை அசையவில்லை. அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கட்டிலில் கொறகொறவென்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த மூச்சு நின்றது. சன்னலில் காற்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூச்சு திரும்ப வந்தது. ராசன் என் காதுக்குள் சொன்னான்: "அண்ணை, விலை குறைச்சது மகனுக்கு. மூச்சு நிண்டது தேப்பனுக்கு."

பஞ்சும் நெருப்பும்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குசினியில் கோப்பி குடிக்கும்போது கண்டதைச் சொல்லிவிட்டேன். சிஞ்ஞோரா கோப்பையை வைத்துவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தா. மார்க்கோ அசையவில்லை. "அப்பாதான் எனக்கு இதைச் சொல்லித் தந்தவர்" என்றான். "பாக்தாத்திலை படிப்பிச்ச ஒரு பெரியவர் கேட்டாராம்: பஞ்சுக்குக் கிட்ட நெருப்பு வருது, பஞ்சு எரியுது. நீ கண்டது ஒண்டுக்குப் பிறகு ஒண்டு. நெருப்புத்தான் எரிச்சது எண்டதைக் கண்டனியோ? பிறகு ஸ்கொட்லாந்துக்காரர் ஒருத்தரும் அதே கேள்வியாலைதான் பேர் எடுத்தவர். நீ விலை சொன்னாய், மூச்சு நிண்டது. அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மேசையில் அடித்து, "சொந்தத் தேப்பன்ரை மூச்சுக்கும் சாட்சி கேக்கிறியோ?" என்று கத்தினேன். அவன் கோபிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்பாவைப் பார்க்கிற டாக்டர் அம்மா வருவா, அவருக்கு நினைவு இருக்கிற அடையாளம் ஒன்றை அவ கண்ணால் கண்டால் அப்பா இந்த வீட்டிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் இல்லத்துக்குப் போகட்டும் என்று தாய்க்குச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். "நம்ப எனக்கும் ஆசைதான். ஆசை இருக்கிறதாலைதான் நம்பப் பயமாக் கிடக்கு."

அளவு எடுக்கப் போனது

அலுமாரி அளவெடுக்கிற சாட்டில் மறுபடி போனேன். அறையில் நானும் அவரும் மட்டும். அளவு நாடாவை இழுத்துக்கொண்டே மனதுக்குள், 'மிச்சம் எல்லாம் போகட்டும், சாடி வந்தால் போதும்' என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை, பக்கத்தில் கூடப் போகவில்லை. திரும்பினால், எப்போதும் கூரையைப் பார்த்துக் கிடக்கிற கண்கள் சாடியில் நின்றன. தற்செயல் என்று நடுவில் போய் நின்று மறைத்தேன். இப்போது கண்கள் என்னில் நின்றன. நாடா என் கையிலிருந்து தானாகச் சுருண்டு உள்ளே போன சத்தத்துக்கு நானே துள்ளினேன்.

வாசலில் சிஞ்ஞோரா நின்றிருந்தா. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "கோர்தோபாவிலை ஒரு நீதிபதி இருந்தவர். அறிவு ஆளுக்கொண்டு இல்லை, எல்லாருக்கும் சேத்து ஒண்டுதான் எண்டவர். இந்த ஊரை ஆண்ட ராசா ஒருத்தர் அந்த நூல்களை லத்தீனிலை போட்ட ஆளை அரமனையிலை வைச்சிருந்தவர். பாரிஸிலை பாதிரிமார் பதறிப்போய்த் தடை போட்டினம்." எனக்கு அதெல்லாம் விளங்காது, நான் அலுமாரியைத்தான் யோசித்தேன் என்றேன். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. "நீ யோசிச்சது உன்ரை தலைக்குள்ளைதான் கிடக்கெண்டு ஆர் சொன்னது?"

வெள்ளிக்கிழமை

டாக்டர் அம்மா அவர் நெஞ்சில் கை வைத்து நின்றா. முதல் நாள் போலவே பேரம் பேசச் சொல்லி சிஞ்ஞோரா என்னைக் கெஞ்சினா. பேசினேன். கட்டில் உளுத்துப் போனது என்றேன், சாடி குப்பை என்றேன், தொண்டை கிழியக் கத்தினேன். மூச்சு ஒரே சீராகப் போனது. எங்கள் தொழிலில் பொய்ப் பேரத்தை ஒருவரும் மதிக்கமாட்டார்கள், அவரும் மதிக்கவில்லை. டாக்டர் அம்மா தலையை ஆட்டினா. மார்க்கோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போது ராசன் தமிழில் கிசுகிசுத்தான்: "இனிச் சாமான் எங்கடைதானே. எனக்கெண்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. அந்தச் சாடி என்ன பெறும்?" "மடையா, இந்த வீட்டுச் சாமான் முழுக்க வித்தாலும் அதின்ரை கழுத்துக்குக்கூடக் காணாது" என்றேன், உதடு அசையாமல். கட்டிலிலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீளமாக, ஆறுதலாக, நல்ல விலை கேட்டவனின் மூச்சு. அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. டாக்டர் அம்மா கையை எடுக்காமல் நிமிர்ந்தா. "இப்ப என்ன சொன்னனி? எல்லாருக்கும் விளங்க இன்னொருக்கால் சொல்லு."

இத்தாலியனில்

சொன்னால் சாடி போய்விடும். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தோம் என்று வாய்வரை வந்தது. யாரும் பிழை பிடிக்க முடியாது. ஆனால் கூரையைப் பார்த்த கண்கள் மெல்ல இறங்கி என்னில் நின்றன. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்கப் போன சாமானின் உண்மையான மதிப்பை விற்பவனின் முன்னால் வாய் திறந்து சொன்னேன். மார்க்கோவின் மூச்சு நின்றது. கட்டிலில் அந்த நீள மூச்சு இரண்டாம் தடவையும் போனது.

இது ஒன்றையும் உறுதியாகக் காட்டாது, வேறு சோதனைகள் செய்யவேண்டும் என்று டாக்டர் அம்மா கவனமாகத்தான் சொன்னா. அதுவரை அவரை இந்த அறையிலிருந்து அசைக்கக் கூடாது என்றும் சொன்னா. மார்க்கோ கட்டிலடியில் குந்தி, "அப்பா, அப்பா" என்று கேள்வி கேட்பதுபோலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிஞ்ஞோரா சாடிக்குள் கையை விட்டு ஒரு பஞ்சை எடுத்து, கணவரின் கண்ணோரத்தைத் துடைத்தா. "சாடியின்ரை மதிப்பு எனக்கும் அவருக்கும் எப்பவோ தெரியும், சிவா. நீ எப்ப சொல்லுவாய் எண்டுதான் காத்துக்கொண்டு கிடந்தவர்."

வெறும் வானை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது ராசன் கேட்டான்: "எல்லாம் சரி அண்ணை, அவருக்குத் தமிழ் ஆர் சொல்லிக் குடுத்தது?"

அன்றிலிருந்து, விலை பேசப் போகிற வீட்டில் யாராவது படுத்துக் கிடந்தால், நான் தெருவுக்கு இறங்கி வந்துதான் விலையை மனதால் நினைக்கிறேன்.